சிறு மிடறும் சிறு கவளமும்
(எடை குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் நீரும் புரதமும்)

நோயுற்றவருக்கு உணவளிப்பது நம் இல்லங்களில் அன்பின் முதல் அடையாளம். ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார் என்றால் அடுப்பில் கஞ்சி கொதிக்கும். அண்டை வீட்டார் ஆரஞ்சும் ரொட்டியும் ஏந்தி வருவர். "வயிறு நிறையச் சாப்பிட்டால்தான் உடம்பு தேறும்" என்று பெரியோர் கூறுவர். ஏனைய நோயாளிகளுக்கு ஏற்ற இந்த அறிவுரை, ஒரு வகையினருக்கு மட்டும் பொருந்துவதில்லை. உடற்பருமனைக் குறைக்கும் பொருட்டு இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களே அவர்கள். அவர்களுக்கு வயிறு நிறைய உண்பது இயலாத செயல். உண்ண முயல்வது தீங்கு. எனினும், போதிய நீரும் புரதமும் இல்லையேல் அவர்களுடைய உடல் தேறுவதும் இயலாது. இவ்விரண்டு உண்மைகளையும் எவ்வாறு இணைப்பது என்பதையே இக்கட்டுரையில் நாம் ஆராயப் போகிறோம்.

இது எங்கோ சிலரைப் பற்றிய பேச்சன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். அவர்களுள் மிகுந்த பருமனாலும், அதனோடு வரும் நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டு வலி, உறக்கத்தில் மூச்சுத் திணறல் ஆகியவற்றாலும் துன்புறும் சிலருக்கு மருத்துவர்கள் இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றனர். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எட்வர்டு மேசன் 1966ஆம் ஆண்டில் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கி வைத்தார். இன்று சிறு துளைகள் வழியாகவே செய்யப்படும் இவ்வகைச் சிகிச்சை நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. மருத்துவமனையில் கழியும் நாட்கள் சில. அதன் பின்னுள்ள மாதங்களோ இல்லத்தில் கழிகின்றன. ஆதலின் சிகிச்சையின் பெரும்பகுதி நம் சமையலறையில்தான் நடைபெறுகிறது என்று கூறலாம்.

இரைப்பைக்கு நேர்ந்தது என்ன?

இச்சிகிச்சைகளுள் பெரிதும் வழங்குபவை இரண்டு. ஒன்றில், இரைப்பையின் முக்கால் பங்கிற்கு மேல் நீக்கப்பட்டு, எஞ்சியது ஒரு வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயாக விடப்படுகிறது. மற்றொன்றில், இரைப்பையின் மேற்புறத்தில் ஏறக்குறைய 30 மி.லி. மட்டுமே கொள்ளும் சிறு பை அமைக்கப்பட்டு, அது நேரே சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. முப்பது மி.லி. என்பது இரண்டு மேசைக்கரண்டி அளவே.

முதல் வகையில் நீக்கப்படும் பகுதிதான் பசியைத் தூண்டும் சுரப்பை மிகுதியாக உண்டாக்கும் பகுதி. ஆகவே அறுவைக்குப் பின் பசி வெகுவாகக் குறைகிறது. எடை குறைவதற்கு இது உதவியே. ஆயினும் இதிலேயே ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. பசி என்பது உடல் நமக்கு அனுப்பும் நினைவூட்டல்; அது மங்கிவிட்டால், உண்ண வேண்டியதை உண்ணவும் நாம் மறந்துபோவோம். இனி நேரத்தைக் கூறவேண்டியது வயிறன்று, சுவர்க் கடிகாரமே.

தாகம் வரும் வரை காத்திராதீர்

இச்சிகிச்சைக்குப் பின் முதல் வாரங்களில் நோயாளர் மீண்டும் மருத்துவமனைக்குத் திரும்ப நேரும் காரணங்களுள் முதன்மையானவற்றில் ஒன்று உடலில் நீர் வற்றிப்போதல் ஆகும். இது வியப்பன்று. முன்பு ஒரு சொம்பு நீரை ஒரே மூச்சில் பருகியவர், இப்பொழுது இரண்டு மிடறுக்கு மேல் பருகினால் நெஞ்சு அடைப்பது போல் உணர்கிறார். சாம்பார், இரசம், மோர், காய்கனி ஆகியவற்றின் வழியாக உடலுக்குச் சேர்ந்த நீரும் நின்றுவிடுகிறது. நம் நாட்டு வெயிலோ வேர்வையாக நீரை வாங்கிக்கொண்டே இருக்கிறது.

நாள் ஒன்றுக்கு ஒன்றரை லிட்டர் நீராவது உட்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் அளவு. கோடையில் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். இதைக் கேட்டதும் மலைப்பாகத் தோன்றும். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் மலைப்பு நீங்கும். மருந்துப் புட்டியோடு வரும் சிறு அளவுக் கிண்ணம் 30 மி.லி. கொள்ளக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். கால் மணிக்கு ஒரு கிண்ணம் எனச் சிறிது சிறிதாக அருந்தினால் ஒரு மணி நேரத்தில் 120 மி.லி. ஆயிற்று. பதின்மூன்று மணி நேரத்தில் 1560 மி.லி. சேர்ந்துவிடும். உணவு நேரத்தில் விட்டுப்போகும் கிண்ணங்களை முன்னும் பின்னும் சற்றுக் கூட்டி ஈடு செய்துகொள்ளலாம். பச்சிளங் குழந்தைக்குப் பாலாடையில் ஊட்டும் தாய் எவ்வளவு பொறுமை காட்டுகிறாளோ, அவ்வளவு பொறுமையை நோயாளர் தமக்குத் தாமே காட்டிக்கொள்ள வேண்டும். நாட்கள் செல்லச் செல்ல மிடறின் அளவு தானே பெருகும்.

இங்கே நம் பழக்கங்கள் மூன்றை மாற்றிக்கொள்ளவேண்டும்.

முதலாவது, அண்ணாந்து குடிக்கும் பழக்கம். எச்சில் படாமல் அருந்துவது நம் மரபுதான். ஆனால் அவ்வாறு அருந்தும்போது மிடறு பெரிதாகிறது. காற்றும் உள்ளே போகிறது. சிறுத்த இரைப்பை வலியால் துடிக்கிறது. நோயாளருக்கெனத் தனித் தம்ளர் ஒன்றை வைத்து, உதடு வைத்து உறிஞ்சிப் பருகச் செய்வதே தக்கது.

இரண்டாவது, உணவோடு நீர் அருந்துதல். சோற்றுக்கு இடையிடையே தண்ணீரும், முடிவில் மோரும் பருகுவது நம் வழக்கம். இனி உணவு வேறு, நீர் வேறு. உண்ணும்போது நீர் அருந்தலாகாது. உண்டு முடித்து அரை மணி நேரம் கழிந்த பின்னரே நீர் அருந்தவேண்டும். இல்லையேல் சிறு இரைப்பையில் நீரே இடத்தைப் பிடித்துக்கொள்ளும், உணவுக்கு இடமிராது.

மூன்றாவது, வந்தவருக்கெல்லாம் கலரும் சோடாவும் கொடுக்கும் பழக்கம். வாயு நிறைந்த பானங்கள் இவர்களுக்கு ஆகா. சர்க்கரை மிகுந்த பழச்சாறு, குளுகோஸ் மாவு கரைத்த நீர் ஆகியவையும் வேண்டா. மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர் இனிப்பை மிகுதியாக அருந்தினால், அது விரைந்து குடலுக்குள் பாய்ந்து, படபடப்பு, வேர்வை, மயக்கம், வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கும். கடுங் காப்பியையும் முதல் வாரங்களில் தவிர்ப்பது நலம். வெந்நீர், சீரகம் கொதித்த நீர், நீர்மோர், வடிகட்டிய காய்கறிச் சாறு, மருத்துவர் இசைவளித்தால் இளநீர் ஆகியவை ஏற்றவை.

நீர் போதுமா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருந்தால் போதுமென்று பொருள். அடர்ந்த மஞ்சளாகவும் அளவில் குறைந்தும் போனால், நாவு வறண்டால், எழுந்து நிற்கையில் தலை சுற்றினால், நீர் போதவில்லை என்பதே பொருள். முன்பு இரத்த அழுத்தத்திற்காக நீர் பிரியும் மாத்திரை உட்கொண்டு வந்தவர், அதைத் தொடர்வதா, குறைப்பதா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேட்கவேண்டும். சர்க்கரை நோய் மருந்துகளுக்கும் இஃது பொருந்தும். உணவு குறைந்த பின்னரும் பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்வது ஆபத்தானது.

பருத்த உடலிலும் புரதப் பஞ்சம்

"இவ்வளவு உடம்பு இருக்கிறதே, இவருக்கா சத்துக் குறைவு வரும்?" என்று சிலர் வினவுவதுண்டு. இக்கேள்வியில்தான் பிழை இருக்கிறது. நம் உடலில் கொழுப்புக்குக் களஞ்சியம் உண்டு. பல மாதங்களுக்கு வேண்டியதைச் சேர்த்துவைக்க அது வல்லது. புரதத்திற்கோ அத்தகைய களஞ்சியம் இல்லை. அன்றாடம் உணவில் வராவிட்டால், உடல் தன் தசையையே கரைத்துப் புரதத்தை எடுத்துக்கொள்ளும். எடைக் கருவியில் எண் இறங்குவதைக் கண்டு வீட்டார் மகிழ்வர். ஆனால் இறங்கியது கொழுப்பா, தசையா என்பதைக் கருவி கூறாது. கை கால்களில் வலுவின்மை, மாடிப்படி ஏறுகையில் சோர்வு, புண் ஆறத் தாமதம், கால்களில் வீக்கம் ஆகியவை புரதக் குறைவைக் காட்டக்கூடிய அடையாளங்கள்.

மூன்றாவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்வதைக் கண்டு பெண்கள் கலங்குவதுண்டு. எடை விரைந்து குறைவதாலேயே ஓரளவு உதிர்தல் நிகழும். பெரும்பாலும் முடி மீண்டும் வளர்ந்துவிடும். எனினும் புரதமும் இரும்புச் சத்தும் குறைந்தால் உதிர்தல் மிகும். ஆதலின் தைலத்தைத் தேடும் முன் தட்டைக் கவனிப்பது அறிவுடைமை.

நாள்தோறும் 60 கிராம் புரதமேனும் தேவை என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். சிலருக்கு 80 கிராமும் அதற்கு மேலும் தேவைப்படலாம். சிறுநீரகக் கோளாறு உடையோருக்கு மட்டும் அளவு வேறுபடும். அவர்கள் மருத்துவர் சொற்படியே நடக்கவேண்டும்.

நோயாளருக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் உணவுகளில் இந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது? ஒரு தம்ளர் அரிசிக் கஞ்சியில் 2 கிராம் தேறுவதே அரிது. சவ்வரிசிக் கஞ்சியிலும் ஆரோட்டுக் கஞ்சியிலும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஓர் இட்டிலியில் ஏறத்தாழ 2 கிராம். இளநீரிலும் இரசத்திலும் பெயரளவுக்கே உண்டு. பருப்பை வேகவைத்து மேலாக இறுத்த தெளிந்த நீரைச் சத்து நிறைந்தது என்று எண்ணிக் கொடுக்கிறோம். சத்தோ பாத்திரத்தின் அடியில் பருப்போடு தங்கிவிடுகிறது. இறைச்சிச் சாறும் அத்தகையதே. எலும்பைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு தொண்டைக்கு இதமாயிருக்கும். ஆனால் புரதம் பெரும்பாலும் சதையில்தான் எஞ்சி நிற்கிறது. இவற்றை நீர்க் கணக்கில் சேர்க்கலாம். புரதக் கணக்கில் சேர்க்கலாகாது.

புரதம் உள்ளவை எவை? முட்டை ஒன்றில் 6 கிராம். பால் 100 மி.லி.யில் 3 கிராமுக்குச் சற்று மேல். தயிரிலும் ஏறக்குறைய அவ்வளவே. பனீர் 100 கிராமில் ஏறத்தாழ 18 கிராம். முள் நீக்கிய மீன் 100 கிராமில் 18 முதல் 20 கிராம். கோழி இறைச்சியில் 20 கிராமுக்கு மேல். வேகாத பருப்பு 30 கிராமில் 7 கிராம். ஆடை நீக்கிய பால் மாவு 100 கிராமில் 35 கிராம் அளவில் உண்டு. இரண்டு மேசைக்கரண்டி மாவைப் பாலிலோ மோரிலோ கலந்தால் 5 கிராம் கூடிவிடும். அளவு பெருகாமல் சத்துப் பெருகுவதற்கு இதைவிட எளிய வழியில்லை.

படிப்படியாக ஏறுதல்

எந்த உணவை எப்பொழுது தொடங்குவது என்பதை அறுவை செய்த மருத்துவரே வரையறுப்பார். பொதுவான முறை வருமாறு: முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம், இரண்டு வாரம் வரை பால், மோர், புரதத் தூள் கரைத்த பானம் ஆகியவை, மூன்றாம், நான்காம் வாரங்களில் கூழ் போல் மசித்த உணவு, ஐந்தாம், ஆறாம் வாரங்களில் மென்மையான உணவு, அதன் பின்னரே வழக்கமான உணவு, அதுவும் சிறிதளவில். ஒரு படியைத் தாண்டிக் குதிக்க முயல்வோர் இடர்ப்படுவர். புண் ஆறாத தையலின் மீது கெட்டி உணவு இறங்குவது நல்லதன்று.

மென்மையான உணவு தொடங்கிய ஒருவருக்கு ஒரு நாளைய திட்டம் இவ்வாறு அமையலாம்:

காலை 7 மணி: பால் 150 மி.லி., அதில் பால் மாவு இரண்டு மேசைக்கரண்டி - 10 கிராம்.
9 மணி: மென்மையாக வேகவைத்த முட்டை ஒன்று - 6 கிராம்.
11 மணி: கடைந்த கெட்டித் தயிர் 150 மி.லி. - 5 கிராம்.
பகல் 1 மணி: 30 கிராம் பருப்பைக் குழைய வேகவைத்து மசித்தது - 7 கிராம்.
மாலை 4 மணி: மருத்துவர் குறித்த புரதத் தூள், நீரில் கரைத்தது - 20 கிராம்.
இரவு 7 மணி: ஆவியில் வெந்த மீன் 50 கிராம், உதிர்த்து மசித்தது - 10 கிராம்.
9 மணி: பால் 150 மி.லி. - 5 கிராம்.

ஆக 63 கிராம். இதில் புரதத் தூளை நீக்கிவிட்டால் 43 கிராமே எஞ்சும் என்பதைக் கவனியுங்கள். "தூளெல்லாம் எதற்கு, வீட்டுச் சாப்பாடே போதும்" என்று தொடக்க மாதங்களில் ஏன் கூறவியலாது என்பதற்கு இக்கணக்கே விடை. உணவின் அளவு பெருகிய பிறகு தூளின் தேவை குறையும். மாற்றுவழி அறுவைக்குப் பின் சிலருக்குப் பால் ஒவ்வாமல் வயிறு பொருமும். அவர்கள் தயிருக்கோ மருத்துவர் கூறும் வேறு பானத்திற்கோ மாறவேண்டும். மீனும் முட்டையும் உண்ணாதோர் பனீர், சோயா, பருப்பு வகைகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

தட்டில் புரதமே முதலிடம் பெறட்டும், காய்கறி அடுத்தது, சோறும் இட்டிலியும் இறுதியில், இடமிருந்தால் மட்டும். ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மென்று, இருபது முதல் முப்பது நிமிடம் எடுத்து உண்ணவேண்டும். நெஞ்சில் சற்றே இறுக்கம் தோன்றியதும் நிறுத்திவிடவேண்டும். "இன்னும் ஒரு வாய்தானே" என்று வீணாகாமல் உண்ணும் அந்த ஒரு வாய்தான் வாந்தியாகத் திரும்புகிறது. வைட்டமின், இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் தொடரவேண்டியவை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

ஒருசந்தியும் நற்கருணை நோன்பும்

பக்தி மிகுந்தோர் சிலர் இக்காலத்தில் ஓர் ஐயத்தால் வருந்துகின்றனர். கால் மணிக்கொரு மிடறு அருந்துபவர், திருப்பலியில் நற்கருணை உட்கொள்வது எவ்வாறு? தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பது எவ்வாறு?

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதற்குத் தெளிவாக விடையளிக்கிறது. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உணவும் பானமும் தவிர்க்க வேண்டும் என்று கூறும் 919ஆம் பிரிவு, நீரையும் மருந்தையும் அதிலிருந்து விலக்குகிறது. முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பேணுவோரும் அந்த ஒரு மணி நேரத்திற்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை பெறலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. எனவே கோயிலுக்குச் செல்லும்போது தண்ணீர்ப் புட்டியைக் கையோடு கொண்டுபோகத் தயங்கவேண்டா. திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் கடைப்பிடிக்கும் ஒருசந்தி நோயுற்றோரைக் கட்டுப்படுத்துவதில்லை. சுத்தபோசன நாட்களில் இறைச்சிதான் விலக்கே தவிர, மீனும் முட்டையும் பாலும் விலக்கன்று. இவ்வுடல் நிலையில் ஒருசந்தி இருக்க முயல்வதைவிட, வேண்டா வெறுப்பாயினும் அந்த முட்டையை மென்று விழுங்குவதே பெரிய ஒறுத்தல் என்று நாம் துணிந்து கூறலாம். ஐயம் நீங்காதோர் பங்குத் தந்தையைக் கலந்துகொள்வது நன்று.

தாமதியாது மருத்துவரை நாடுக

அவ்வப்போது வரும் சிறு குமட்டல் இயல்பு. ஆனால் அருந்திய நீர்கூடத் தங்காமல் தொடர்ந்து வாந்தி எடுத்தால், "நாளை பார்ப்போம்" என்று இருக்கலாகாது. காய்ச்சல், இதயப் படபடப்பு, கடும் வயிற்று வலி, மூச்சு வாங்குதல் ஆகியவை தோன்றினால் அறுவை செய்த மருத்துவமனைக்கு உடனே விரையவேண்டும். தையல் கசிவதன் அடையாளமாக அவை இருக்கக்கூடும்.

தொடர் வாந்தியில் வேறோர் ஆபத்தும் உண்டு. வைட்டமின் பி-1 என்னும் தயமின் சத்தை உடல் சில வாரங்களுக்கே சேமித்து வைத்திருக்கிறது. அது தீர்ந்துபோனால் மூளையும் நரம்புகளும் பாதிக்கப்படும், பார்வை இரட்டிக்கும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். இந்நிலையில் உள்ளவரை அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, "ஒரு பாட்டில் குளுகோஸ் ஏற்றுங்கள்" என்று கேட்பது நம் வழக்கம். தயமின் கொடாமல் குளுகோஸ் மட்டும் ஏற்றினால், எஞ்சிய சிறிதளவும் செலவாகித் தீங்கு முற்றும். ஆகவே எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், இவர் இன்ன நாளில் இன்ன வகை எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவர் என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். அவ்விவரத்தை ஒரு சீட்டில் எழுதி நோயாளரின் பணப்பையில் வைத்திருப்பது உயிர் காக்கும் செயல்.

இல்லத்தாரின் கடமை

இச்சிகிச்சை செய்துகொண்டோரில் பலர் அதை மறைக்கின்றனர். பருமனைப் போசனப் பிரியத்தின் விளைவு என்றும், மனவலிமை இல்லாதவரே கத்தியை நாடுவர் என்றும் ஊரார் பேசுவதற்கு அஞ்சுகின்றனர். பருமன் ஒரு நோய். பரம்பரையும் சுரப்பிகளும் வாழ்க்கைச் சூழலும் அதற்குக் காரணமாகின்றன. மறைப்பதால் விளையும் தீங்கோ பெரிது. திருமண விருந்திலும் பங்குத் திருவிழாவிலும் விருந்தோம்புவோர் இலையில் மேன்மேலும் பரிமாற, காரணம் கூறவியலாத நோயாளர் உண்டு இடர்ப்படுகிறார். அல்லது விழாக்களையே தவிர்த்துத் தனிமையில் வாடுகிறார். நெருங்கிய உறவினர் சிலரேனும் உண்மையை அறிந்திருப்பது நலம். அறிந்தவர்கள் "போதும், அவருக்கு வைக்காதீர்கள்" என்று பந்தியில் ஒரு சொல் சொல்வது பேருதவி.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. ஒன்றரை லிட்டர் நீரைக் காலையிலேயே ஒரு புட்டியில் அளந்து மேசைமேல் வைக்கலாம். மாலையில் எஞ்சியதைப் பார்த்தாலே கணக்குத் தெரிந்துவிடும். புரதக் கணக்கை எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டலாம். கால் மணிக்கொரு முறை கிண்ணத்தை நிரப்பிக் கொடுக்கும் பொறுப்பைப் பள்ளி விடுமுறையிலிருக்கும் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். அவர்கள் அதை மகிழ்வோடு செய்வர். எல்லாவற்றிற்கும் மேலாக, நோயாளர் சிறிதளவு உண்டு எழும்போது முகம் சுளிக்காதிருப்போமாக. அன்னை தன் மகனுக்கு ஆசையாகச் சமைத்த உணவில் மூன்று கரண்டி மட்டும் உண்டு அவன் கை கழுவினால் மனம் நோகத்தான் செய்யும். ஆனால் அந்த மூன்று கரண்டியில் மீனும் பருப்பும் இருந்தன என்றால், அன்னை தன் கடமையை நிறைவாகச் செய்துவிட்டாள். மீதியை இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் சூடாக்கித் தரலாம்.